ஆறாவது லைனின் கோல்கீப்பருக்கு

அம்மா,

அப்பாவின் முழங்கால் பட்டைகள் என் மடியில் இருக்கின்றன. கறுப்பு ரப்பர், ஓரங்களில் டைல்ஸ் ஒட்டும் வெள்ளைச் சிமென்ட் காய்ந்து பொருக்காகியிருக்கிறது. இடது பட்டையின் உட்பக்கம் நீ மார்க்கர் பேனாவால் எழுதிய 6 பாதி அழிந்தும் தெரிகிறது. முகத்தருகே கொண்டுபோனால் சிமென்டும் ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை வருகிறது. அது அப்பாவின் வாசனை மட்டும் இல்லை.

மருத்துவமனையில், இதயப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா உள்ளே இருக்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை நான்தான் கத்தி, கீழ்வீட்டுக்காரரை வரவழைத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவையாக ஈசிஜி எடுக்கிறார்கள். எதற்கு மூன்று தடவை என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடப் பை கூடவே வந்துவிட்டதால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதினால் வேகமாக எழுதுவேன். ஆனால் உனக்குக் கன்னடம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அவற்றின் மேல் நீ எழுதிக்கொடுத்த தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் திட்டாதே.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முதலில் நீ பந்து பிடித்த கிடங்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.

போன வருஷம் ஜூனில், நீ வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் பெண்களுக்கு உள்ளரங்கக் கால்பந்து லீக் தொடங்குகிறது, இரண்டாம் பிரிவில் தொழிற்சாலை அணிகளும் சேரலாம் என்று. உங்கள் தையல் வரிசைகளுக்கு எண்தான் பெயர். நீ ஆறாவது லைனின் கடைசியில் நின்று, தைத்து முடித்த சட்டைக் கட்டுகளைச் சரிபார்ப்பாய். மெஷினில் இருக்கிறவர்கள் கட்டைத் தூக்கி எறிவார்களாம். நீ ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பிடிப்பாயாம். காலர் தைக்கிற லீலா அக்கா அதைப் பார்த்துத்தான் உன்னைப் பிடித்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி கன்னடம்; 'இல்லையா' அவள் வாயில் 'அல்வா' என்றும் 'அவ்வளவு' 'அஷ்டே' என்றும்தான் வரும்.

"ஏனக்கா, நீங்க பண்டல் பிடிக்கறீங்க அல்வா? பந்தும் அஷ்டேதான் அல்வா? கோல்ல நின்னுடுங்க அக்கா."

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நீ சொன்னாய்: "அல்வா அல்வான்னு சொல்லியே எனக்கு அல்வா குடுத்துட்டாங்க. பந்து புடிக்கப் போறனுங்க."

அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். பிறகு எழுந்து போய்த் தன் முழங்கால் பட்டைகளைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார். "டைல்ஸ் போடறவனுக்கும் கோல்ல நிக்கறவளுக்கும் முழங்கால்தான் புள்ள மொதலு. ஞாயித்துக்கெழம நீ போட்டுக்க. திங்கக்கெழம காலைல எனக்குத் திருப்பிக் குடுத்துரோணும்."

ஆட்டங்கள் நடந்த இடம் மேட்டகள்ளிக்கு அப்பால் ஒரு பழைய பட்டுக்கூட்டுக் கிடங்கு. மழை நாளில் சுவரெல்லாம் புழு நாற்றம் அடிக்கும். தகரக் கூரை. பந்து மேலே பட்டால் இடி விழுந்த மாதிரி இருக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது உனக்கு நினைவிருக்கும். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டதால், கோல் கம்பங்களைச் சுவரோடு சேர்த்துப் பொருத்த முடியவில்லை. சுவரிலிருந்து நாலடி தள்ளி, மணல் மூட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இடம் சிறியது என்பதால் பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. அதனால் வேறெங்கும் இல்லாத ஆபத்து ஒன்று அங்கே இருந்தது. கோலுக்குப் பின்னால் போன பந்து சுவரில் மோதி, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, கோல்கீப்பரின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். வருவது அவளுக்குத் தெரியாது.

எனக்குப் பந்து என்றால் பயம். கீழே நிற்க முடியாமல் ஏணியில் ஏறிக் கிழக்குச் சுவரில் இருந்த பரணில் உட்கார்ந்துகொண்டேன். கூடைகளை அடுக்குவதற்காகக் கட்டிய பரண். சின்னப் பெண் என்றால் லீலா அக்காவுக்குப் புட்டிதான். அண்ணாந்து பார்த்து, "ஏ புட்டி, பயந்துகொண்டு மேலே போயிட்டியா? ஸரி பிடு, பரவால்ல, ஸ்கோர் புக்கை நீயே எழுது" என்று நோட்டை எறிந்தாள். அந்தப் பதவி எனக்குப் பயத்தால் கிடைத்தது.

பரணிலிருந்து எல்லாம் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் நீ மேற்குக் கோலில், என்னைப் பார்த்தபடி நின்றாய். பந்து உனக்குப் பின்னால் உருண்டு ஓரத்துக்கு வருவதைப் பார்த்ததும் என்னையறியாமல் "வலது!" என்று கத்திவிட்டேன். நீ வலது பக்கம் பாய்ந்தாய். பந்து மறுபக்கம் வந்து, எதிரணிப் பெண்ணின் காலில் பட்டு, காலியாகக் கிடந்த கோலுக்குள் போனது. நான் சொன்னது என் வலது. நீ பாய்ந்தது உன் வலது.

இடைவேளையில் நீ ஏணிக்குக் கீழே வந்து நின்றாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன்.

"ஏன் கண்ணு, உன்ற சோத்தாங்கை வேற, என்ற சோத்தாங்கை வேறயில்ல? தெக்க, வடக்கன்னு சொல்லு. தெக்கு எங்கிருந்து பார்த்தாலும் தெக்குதான்."

அனூர்ப் பக்கத்துக் கிராமத்தில், காடு தோட்டத்தில் வளர்ந்தவள் நீ. சோற்றுப் பானையைக்கூட "வடக்கால தள்ளி வை" என்றுதான் சொல்வாய். எனக்கு அப்படித் தெரியாது. சாமுண்டி மலை ஒரு துண்டு தெரிகிற சன்னல் தெற்கு என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பக்கம் மாறி நீ என் காலடியில் இருந்த கிழக்குக் கோலுக்கு வந்தபோதும் சொல் மாறவில்லை. மற்ற அணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தப் பொண்ணு மேலே உட்கார்ந்து மந்திரம் சொல்லுது" என்று நடுவரிடம் புகார்கூடச் செய்தார்கள். அவர் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, பரண் மைதானத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்.

ஆறு ஆட்டங்களில் நாம் இரண்டில் வென்றோம். தையல் பிசகி ஒதுக்கிய மஞ்சள் டி-ஷர்ட்டுகள்தான் சீருடை; லீலா அக்காவின் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "கோணலாத் தைச்சது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று நீ ஒவ்வொருவரையும் பார்த்து மிரட்டுவாய். அவ்வளவு சத்தமாக நீ சிரித்ததை நான் வீட்டில் கேட்டதில்லை.

ஆறாவது ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. எதிரணியில் முன்னால் ஆடிய குள்ளமான பெண்ணுக்குக் கொள்ளேகால் பக்கம்; அவள் வீட்டிலும் நம் பேச்சுத்தான். நான் இரண்டு தடவை கத்தியதுமே அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏ அம்மிணி, எங்களுக்கும் தெக்க வடக்க தெரியும்டி!" என்றாள். அடுத்த தடவை பந்து உன் பின்னால் போனதும், என் குரல் மாதிரியே கீச்சென்று அவளே "வடக்க!" என்று கத்தினாள். பந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. நீ அசையவே இல்லை. ஒரு கணம் கழித்து என் "தெக்க!" வந்தது; நீ பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய்.

ஆட்டம் முடிந்து அவளே உன்னிடம் வந்து கேட்டாள்: "எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"எம்புள்ள கத்துனா பயந்துட்டுக் கத்தும். நீ சிரிச்சுட்டே கத்தறே."

அவளும் சிரித்தாள், நீயும் சிரித்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நீ என் காதருகே சொன்னாய்: "அட லூசு, அந்தப் பயத்தைக் கேட்டுத்தான நான் பாயறேன். தப்பாக் கத்துனாக்கூடப் பரவால்ல. கத்தாம மட்டும் இருந்துறாத."

அம்மா, நான் கத்தாமல் இருந்துவிட்டேன்.

ஏழாவது ஆட்டம். நீ மேற்குக் கோலில் இருந்தாய். பந்து எதிர்ப்பக்கம் எங்கேயோ இருந்தது. உன் பக்கம் யாரும் பார்க்கவில்லை. நீ இடது கையால் கம்பத்தைப் பிடித்தாய். பிடித்துக்கொண்டு நின்ற விதம் சாய்ந்து நிற்பது மாதிரி இல்லை. கம்பம் இல்லாவிட்டால் விழுந்துவிடுவாய் என்பது மாதிரி இருந்தது. உன் முகம் வெளிறி, பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரின் நிறத்தில் இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். அப்பாவின் சிமென்ட் கையுறை போட்ட விரலை உதட்டின் மேல் வைத்தாய்.

நான் உட்கார்ந்தேன். நோட்டில் அந்த நிமிஷத்துக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.

வீட்டில் கேட்டபோது, "வாயு கண்ணு. காலைல பழைய சோறு திங்காம வந்துட்டேன்" என்றாய். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பன்கிட்ட சொன்னீனா என்னை விடமாட்டாரு. இன்னும் ரெண்டே ஆட்டம். அப்பறம் போயி டாக்டரைப் பாக்கலாம்" என்றாய். அந்த இரண்டு ஆட்டம் உனக்கு மட்டும் வேண்டியிருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் வேண்டியிருந்தது. அந்தப் பரண் எனக்கும் வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளி நூலகத்தில் உடற்கூறு பற்றிய புத்தகத்தை எடுத்து இதயம் என்ற பாடத்தைப் படித்தேன். இடது கை, தாடை, வியர்வை, மூச்சு வாங்குதல் என்று போட்டிருந்தது. புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் நம் வீட்டில் நடக்காது என்று சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் இருப்பதை நான் நம்பாமல் போன ஒரே தடவை அதுதான்.

எட்டாவதும் ஒன்பதாவதும் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குக் கோல்கள் நினைவில்லை. நீ கம்பத்தைத் தொடுகிறாயா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கத்தியதெல்லாம் அரை நொடி தாமதம். கடைசி விசில் ஊதியபோது நீ இரண்டு கைகளையும் தூக்கி எனக்குக் காட்டினாய், பார், நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதுபோல.

அடுத்த வியாழக்கிழமை காலை, முக்குரோட்டில் தொழிற்சாலை வண்டிக்காக நின்றபோது நீ சாக்கடைக் கட்டையின் மேல் உட்கார்ந்தாய். செருப்பு வாரைச் சரிசெய்கிறாய் என்று மற்றவர்கள் நினைத்தார்களாம். என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டபோது நூலகப் புத்தகம் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் அன்று.

நீ போன பிறகு, அட்டவணையில் இல்லாமல் கூடுதலாக வைத்த ஒரே ஓர் ஆட்டத்தை ஆறாவது லைன் ஆடியது. ஆடாவிட்டால் அடுத்த வருஷம் லீக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் லீலா அக்கா கோலில் நின்றாள். என்னை வீட்டுக்கு வந்து அழைத்துப்போனாள். நான் ஏணியில் ஏறிப் பரணில் உட்கார்ந்தேன். பந்து அவளுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் திறந்தது. குரல் வரவில்லை. எட்டுக் கோல். எட்டுத் தடவையும் அவள் என்னைப் பார்த்தாள், அம்மா. ஒரு தடவைகூடக் கோபமாகப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இறங்கு புட்டி, ஸாக்கு" என்றாள். போதும் என்றாள். அதற்குப் பிறகு யாரும் அணியைப் பற்றிப் பேசவில்லை. தசரா முடிந்ததும் கிடங்கில் உரமூட்டை அடுக்கிவிட்டார்கள். இரண்டாம் பிரிவும் நின்றுபோனது. ஆறாவது லைன் பிறந்து இறந்தது ஒரு மழைக்காலத்துக்குள்.

முழங்கால் பட்டைகளை அப்பா வாரம் முழுவதும் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துவைத்து, கம்பியில் தனியாகக் காயப்போடுவார்.

இனி இன்று காலை. நான் மாடிப்படியின் மேல்படியில் நின்று ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கீழிருந்து தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறியவர் நின்றுவிட்டார். கேனை வைத்தார். இடது கையைச் சுவரில் ஊன்றினார். நெற்றியில் வியர்வை, இந்தக் குளிரில். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல கண்ணு. மூச்சு வாங்குது. நீ ஸ்கூலுக்குப் போ" என்றார்.

அப்பா என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"தெக்க!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஒரு தடவை இல்லை, நான்கைந்து தடவை. அவர் கை ஊன்றியிருந்தது தெற்குச் சுவர். கீழ்வீட்டுக்காரர் பல்துலக்கும் நுரையோடு ஓடிவந்து, "ஏனாய்து? தெற்கே என்னம்மா? பாம்பா?" என்று பின்பக்கம் ஓடினார். எதிர்வீட்டு அம்மா தடியோடு வந்துவிட்டார். யாருக்கும் புரியவில்லை. நம் ஆட்டக் கதைகளைக் கேட்டிருந்த அப்பாவுக்கு மட்டும் புரிந்தது. சுவரிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சரி, ஆட்டோ கூப்பிடு" என்றார்.

ஆட்டோவில் அவர் கையைப் பிடித்திருந்தேன். கை ஈரமாக இருந்தது. பயத்தில் பேசிக்கொண்டே வந்தேன், பேச்சை நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று. அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அதுவும் வந்துவிட்டது.

"அம்மாவும் இப்படித்தான் கம்பத்தைப் பிடிச்சா. நான் பார்த்தேன். வாயில விரல வெச்சா. நான் யாருகிட்டயும் சொல்லல."

சிக்னலில் ஆட்டோ நின்றது. அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்கிட்டயும் வெச்சா கண்ணு. மாவாட்டிட்டு இருந்தா. கிரைண்டரைப் புடிச்சுட்டு நின்னா. நான் பார்த்துட்டேன். புள்ளைக்குத் தெரிய வேண்டாம், பயந்துக்கும், இன்னும் ரெண்டு ஆட்டந்தான்னா. நானும் சரின்னுட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில், நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துவைத்திருந்தோம். உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன். நீ எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றினாய். எங்களுக்காகத்தான் என்று தெரியும். உனக்காகவும்தான் என்றும் தெரியும். அந்தக் கிடங்கில் நீ சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் கோபம் முழுசாக நிற்க மாட்டேன் என்கிறது.

இதுவரை எழுதியபோது டாக்டர் வெளியே வந்தார். இளம் டாக்டர்; கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். ஒரு குழாயில் அடைப்பு இருக்கிறதாம். இன்றே உள்ளே ஏதோ செலுத்திப் பார்க்க வேண்டுமாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சரியாகிவிடுமா என்று கேட்டேன். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

அனூரிலிருந்து பெரியம்மா பஸ் ஏறிவிட்டாள். அவள் வரும்வரை நான் மட்டும்தான். நடுவில் ஒரு நிமிஷம் என்னை உள்ளே விட்டார்கள். அப்பாவின் நெஞ்சில் ஒயர்கள். வேட்டிக்குப் பதில் பச்சை அங்கி. என்னைப் பார்த்ததும், "பாம்பு கெடச்சுதா?" என்று கேட்டார். சிரிக்க முயன்றேன். அழுகை வந்தது. அவர் என் கையிலிருந்த முழங்கால் பட்டைகளைப் பார்த்தார். "தொலைச்சுடாத. திங்கக்கெழம வேணும்" என்றார்.

பயம் போகவில்லை, அம்மா. எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன்; போகவில்லை. முன்பெல்லாம் அதை எங்கேயாவது போட்டுவிட்டு வரலாம் என்று தோன்றும். இப்போது கையிலேயே வைத்திருக்கப்போகிறேன். அதைக் கேட்டுப் பாய இன்னொருவர் இருக்கிறார்.

தள்ளுவண்டியைக் கொண்டுவருகிறார்கள். சன்னல் வழியாக மலை தெரியவில்லை, அதனால் பாதுகாவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவை உள்ளே கொண்டுபோகும் கதவு வடக்கே இருக்கிறது. லிஃப்ட் தெற்கே. என் பெஞ்ச் கிழக்குச் சுவரோரம். இங்கிருந்து எல்லாம் தெரிகிறது.